இருபத்திரண்டு கடைகளுக்கு ஓர் உலகத் தலைவர்

பிப்ரவரி 6

என் அருமை மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். என் அக்கா பெற்ற பெண்ணை அவ்வளவு சுலபமாக எதுவும் அண்டிவிடாது.

உன் பார்சல் வந்து சேர்ந்தது. இருநூற்றுப் பத்துப் பக்கம்! தபால்காரர் மூச்சு வாங்க என் கவுண்டரில் இறக்கிவைத்து, "உள்ள என்னங்க, செங்கல்லா?" என்று கேட்டார். "செங்கல் இல்லய்யா, உலகம்" என்றேன். மனிதர் கையெழுத்து வாங்காமலே போய்விட்டார். (திரும்பி வந்து வாங்கினார். அது வேறு விஷயம்.)

உன் கட்டளை நினைவிருக்கிறது. ஐந்து பிரதி, நீல அட்டை, முதுகில் தங்க எழுத்து, ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் உன் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஏப்ரல் பத்து எதற்கு, மார்ச் பத்தே இருக்கும். உன் மாமாவின் ஜெராக்ஸ் கடை இப்போது பழைய கடை இல்லை. செருப்புக்கடை காலியானதும் அதைச் சேர்த்தேன், கடிகாரக்கடை காலியானதும் அதையும் சேர்த்தேன். மூன்று ஷட்டர். இந்தக் கட்டடத்தின் இருபத்திரண்டு கடைகளில் மூன்று ஷட்டர் உள்ள கடை ஒன்றே ஒன்று. காலையில் மூன்றையும் தூக்கும்போது கிளம்பும் சத்தத்தில் தெருமுனையில் பேருந்தே ஒரு நிமிடம் நின்று போகிறது.

இப்போது முக்கியமான விஷயம். வாடிக்கையாளர் கொடுக்கும் தாளை நான் படிப்பதில்லை. அது தொழில் தர்மம். ஆனால் மெஷினில் கசங்கி வரும் பிரதி இருக்கிறதே, அது வாடிக்கையாளருக்கும் ஆகாது, குப்பைக்குப் போடவும் மனசு வராது. அது எனக்குச் சொந்தம். அப்படிப் படித்துப் படித்துத்தான் நான் இவ்வளவு அறிவாளியானேன். சிறுநீரகத்தைப் பற்றி ஒன்பதாம் பக்கம், நிலநடுக்கத்தைப் பற்றி அறுபதாம் பக்கம், ஒரு விவாகரத்து மனுவில் மூன்றாம் பக்கம் (அந்தக் கணவன்மேல் தப்பே இல்லை), எதை வேண்டுமானாலும் என்னிடம் கேட்கலாம்.

உன் ஆய்வேட்டைச் சோதனைக்காக மெஷினில் விட்டேன். நாற்பத்தோராம் பக்கம் கசங்கி வந்தது. நீவிப் படித்தேன். கடைசி வரிகளில் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "வளர்ந்துவரும் நாடு இனியும் பின்வரிசையில் கைகட்டி நிற்கலாகாது. பலம் வந்த பிறகும் தயங்குவது கோழைத்தனம். உலகத்தின் தலைமை நாற்காலியைக் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஏறி உட்கார வேண்டும்." முற்றுப்புள்ளி வைக்க மறந்திருந்தாய். நானே வைத்துவிட்டேன்.

நம் நாட்டைப் பற்றி எழுதியதாக ஊர் நினைக்கும். எனக்கும் சேர்த்து எழுதினாய் என்பது எனக்குத் தெரியாதா? ஆகவே முடிவெடுத்துவிட்டேன். நம் கட்டடச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாக அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான் தலைவர். ஒரு ஷட்டர், அதுவும் பாதிதான் திறக்கும். இந்த மாதம் நான் நிற்கிறேன். நாற்பத்தோராம் பக்கத்தைக் கனத்த பிளாஸ்டிக் உறை போட்டு வாசலில் மாட்டி, இருபத்தொரு கடைக்கும் பிரதி கொடுத்துவிட்டேன். கீழே "என் மருமகள், உலக அரசியல் ஆராய்ச்சியாளர்" என்றும் போட்டிருக்கிறேன்.

உன்னைப் பெருமைப்படுத்தும்,
மாமா


பிப்ரவரி 13

அன்புள்ள மாமாவுக்கு,

வாசலில் மாட்டிய அந்தப் பக்கத்தை உடனே கழற்றுங்கள்.

நான் முற்றுப்புள்ளி வைக்க மறக்கவில்லை. வாக்கியம் அங்கே முடியவில்லை. நாற்பத்திரண்டாம் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "என்று முழங்குகிறவர்கள், தலைமை என்பது ஒரு நாற்காலி என்று நம்பி ஏமாந்தவர்கள்." அதற்குப் பிறகு நூற்று அறுபத்தெட்டுப் பக்கம் அந்த ஏமாற்றத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். நான் மறுக்கிற கருத்தை என் பெயரால் வாசலில் மாட்டியிருக்கிறீர்கள். எங்கள் பேராசிரியர் அந்தப் பக்கமாக வந்தால் எனக்கு மயக்கமே வந்துவிடும்.

என் வாதம் சின்னது. பெரிய நாடு என்பது எல்லோருக்கும் முன்னால் நடக்கிற நாடு அல்ல. கடல்வழி திறந்திருக்கிறதா, எல்லை கடந்து கடிதம் போகிறதா, ஒரு நாட்டில் நோய் வந்தால் அடுத்த நாட்டுக்குத் தகவல் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற நாடு. அந்த வேலை நின்றால்தான் அதைச் செய்தது யார் என்றே தெரியவரும். இதெல்லாம் உங்களுக்குப் போரடிக்கும், தெரியும்.

மாமா, ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஏப்ரல் பத்துக்குள் ஐந்து பிரதியும் பதிவாகவில்லை என்றால் இன்னொரு வருடம். ஜூனில் கல்லூரியில் எனக்காக வைத்திருக்கிற விரிவுரையாளர் வேலை வேறொருவருக்குப் போய்விடும். இங்கேயே பைண்டிங் செய்திருப்பேன். நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்றுதான் மூலப்பிரதியை அங்கே அனுப்பினேன். தட்டச்சு செய்தது அது ஒன்றுதான்.

விடுதிக்குப் போன் செய்யாதீர்கள். போன முறை நீங்கள் முக்கால் மணிநேரம் பேசியதில் காப்பாளர் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

அன்புடன்,
மருமகள்


மார்ச் 2

மருமகளே,

உன் அனுமதியோடு நாற்பத்திரண்டாம் பக்கத்தையும் படித்தேன். படித்த பிறகு சொல்கிறேன், நாற்பத்தொன்றுதான் சரி. நாற்பத்திரண்டை எழுதும்போது நீ களைத்திருக்கிறாய். அல்லது அந்தப் பேராசிரியர் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

தேர்தல் முடிந்தது. நான் தலைவர்!

மாடிப்படித் திருப்பத்தில் கூடினோம். கை தூக்கச் சொன்னார்கள். பதினேழு கை எனக்கு. அந்தப் பதினேழு பேரில் சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள், சரியாக எண்ணினால் முப்பதுக்குக் குறையாது. பழைய தலைவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆடவில்லை, அசையவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "உனக்கு வேணும்னா எடுத்துக்கோப்பா" என்று சொல்லி ஒரு சாவிக்கொத்தை என் கையில் வைத்துவிட்டுக் கீழே போனார். பதினான்கு சாவி. தோல்வியின் கனம் என்று அப்போதே புரிந்துகொண்டேன்.

பல் மருத்துவமனையில் டோக்கன் கூப்பிடுகிற மைக்கை வாங்கி ஏற்புரை ஆற்றினேன். ஒரு மணிநேரம். பிரிண்டிங் பிரஸ்காரர் அழுதேவிட்டார். தூசி விழுந்தது என்றார், நான் நம்பவில்லை. "இந்தக் கட்டடம் இனி இந்தக் கட்டடமாக மட்டும் இருக்காது" என்றேன். நம் தெருவில் ஐந்து கட்டடம். ஐந்துக்கும் நாம்தான் வழிகாட்டி. முதல் தீர்மானம்: ஐந்து கட்டடத்துக் கடைப் பலகைகளும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். நம் நிறம். நான்கு கட்டடத்துக்கும் நானே தூது போகிறேன்.

உன் அத்தைக்கு மட்டும் இதன் அருமை தெரியவில்லை. "தலைவரே, மூணாவது மெஷின்ல பேப்பர் தீந்துபோச்சு" என்கிறாள். வேண்டுமென்றே எல்லார் முன்னாலும்.

உன் ஆய்வேடா? பத்திரமாக இருக்கிறது. இரும்புப் பெட்டியில்.

சங்கத் தலைவர்,
மாமா


மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வாழ்த்துகள்.

அந்தப் பதினான்கு சாவியில் எது எதற்கு என்று கேட்டீர்களா?

அம்மா எழுதியிருந்தாள். உங்கள் கட்டடத்தில் நாலு நாளாகத் தண்ணீர் இல்லையாம். அத்தை எதிர்க் கட்டடத்திலிருந்து வாளியில் சுமக்கிறாளாம். தேநீர்க்கடைக்காரர் டம்ளரைத் துடைத்துவிட்டே அடுத்தவருக்குக் கொடுக்கிறாராம். பல் மருத்துவர் வேறு இடம் பார்க்கிறேன் என்கிறாராம். அவர் போனால் மேலே வருகிற ஆட்கள் பாதியாகிவிடுவார்கள் என்று அம்மாவுக்கே தெரிகிறது.

உண்மையை எழுதுங்கள்.

ஆய்வேடு இரும்புப் பெட்டியில் இருந்தால் மெஷினில் என்ன இருக்கிறது?

மருமகள்


மார்ச் 15

மருமகளே,

என் அக்கா எப்போதும் மிகைப்படுத்தித்தான் சொல்வாள். எங்கள் குடும்பத்திலேயே அந்தக் குணம் அவளுக்கு மட்டும்தான். நாலு நாள் இல்லை, மூன்றரை. அதுவும் தண்ணீர் இல்லை என்று சொல்லக் கூடாது. ஓய்வில் இருந்தது.

நடந்தது இதுதான். எந்தக் கட்டடத்திலும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அது இயற்கை. யாராவது போய், "ஏன் வர்ற?" என்று கேட்பார்களா? எங்கள் கட்டடத்தில் மட்டும் ஒரு மோட்டார் இருக்கிறதாம். அதற்கு மொட்டைமாடியில் ஒரு அறையாம், அறைக்கு ஒரு சாவியாம். தொட்டி நிறைந்தால் தானாக நிறுத்தும் மிதவை உடைந்து எத்தனையோ காலம் ஆயிற்றாம். அதனால் யாராவது ஒருவர் போட்டுவிட்டு, நாற்பது நிமிடம் பக்கத்திலேயே நின்று, தொட்டி வழிவதற்கு முன் நிறுத்த வேண்டுமாம். அதைப் பத்தொன்பது வருடமாக அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் காலை ஐந்தரைக்கு வந்து செய்திருக்கிறார். யாருக்கும் தெரியாது! அவர் கடையைக் காலையில் சீக்கிரம் திறக்கிறார், ஆசை பிடித்த மனிதர் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

இரவுக் காவல்காரர் சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு விடுவேனா? பதினான்கு சாவியையும் முயன்று, பதினாலாவதில் கதவைத் திறந்து, சுவிட்சைப் போட்டேன். மோட்டார் என் குரலுக்கே கட்டுப்பட்டதுபோல ஓடியது. அந்த நேரம் பார்த்து அடுத்த கட்டடத்துப் பூட்டுக்கடைக்காரர் பலகை நிறத்தைப் பற்றிப் பேச வரச்சொல்லி ஆள் அனுப்பினார். வெளிநாட்டு விவகாரம் ஆயிற்றே, போனேன். போன இடத்தில் பேச்சு நீண்டுவிட்டது.

தொட்டிக்கு நேர் கீழே பல் மருத்துவமனை. கூரை வழியாக முதலில் ஒரு சொட்டு. நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி மல்லாந்திருந்தார். கொப்பளிக்கத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று நினைத்து மரியாதையாகக் கொப்பளித்திருக்கிறார். மூன்றாவது முறை கொப்பளித்த பிறகுதான் மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. அதற்குள் கூரையில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. என்னைத் தேடி அவர் படியிறங்கி வந்த வேகத்தைப் பார்த்தால் எனக்குத்தான் அடி விழும்போலிருந்தது.

வெளிநாட்டு விவகாரம் மாபெரும் வெற்றி. "எங்களுக்குத் தலைவரா? ரொம்பச் சந்தோஷம். எங்க மாடிப்படி பல்பு எரியல, மாத்திக் குடுங்க" என்றார் பூட்டுக்கடைக்காரர். மாற்றினேன். செய்தி பரவி மற்ற மூன்று கட்டடத்தாரும் என் தலைமையை ஏற்றுக்கொண்டார்கள். இதுவரை பதினோரு பல்பு, இரண்டு கதவுக் கீல், ஒரு அடைத்த சாக்கடை. பலகை நிறத்தைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுக்கவில்லை.

உன் ஆய்வேடு ஆரம்பித்தாயிற்று. முன்னுரை வரை.

ஐந்து கட்டடத்தின்,
மாமா


மார்ச் 22

மாமாவுக்கு,

இன்னும் பத்தொன்பது நாள். தபாலுக்கு நாலு நாளைக் கழியுங்கள். முன்னுரை என்பது ஏழு பக்கம்.

நீங்கள் ஐந்து கட்டடத்துக்கும் தலைவராக இருங்கள், பத்துக்கும் இருங்கள். என் மூலப்பிரதியை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள். இங்கே எப்படியாவது செய்துகொள்கிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்தாயிற்று, மூன்றாவது முறையும் கோபம் தணியவில்லை.

உங்களிடம் ஏன் அனுப்பினேன் தெரியுமா? நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்பதற்காக மட்டும் இல்லை. பதினோராம் வகுப்பில் எனக்குப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. தோழிகளிடம் சனிக்கிழமை இரவல் வாங்கி வருவேன், ஞாயிறன்று கடை மூடியிருக்கும்போது நீங்கள் பக்கம் பக்கமாக எடுத்துத் தருவீர்கள். ஒரே ஒரு மெஷின். சூடாகி நின்றால் விசிறியால் வீசிக்கொண்டே, "இதோ வந்துடும், இதோ வந்துடும்" என்பீர்கள். ஒரு பக்கம்கூட விட்டதில்லை. அதை நீங்கள் யாரிடமும் சொல்லிப் பெருமையடித்ததும் இல்லை. நீங்கள் பெருமையடிக்காத ஒரே விஷயம் அதுதான், அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த மாமாவுக்குத்தான் அனுப்பினேன். தலைவருக்கு அனுப்பவில்லை.

மருமகள்


ஏப்ரல் 5

கண்ணு,

ஐந்து பிரதியும் நேற்றே கிளம்பிவிட்டன. உன் கைக்கு வந்து, நீ சுமந்துகொண்டு போய்க் கொடுப்பானேன் என்று ஐந்தையும் பல்கலைக்கழக அலுவலகத்துக்கே நேரே அனுப்பிவிட்டேன். ஆறாவதாக ஒன்று உனக்கு. நீல அட்டை, தங்க எழுத்து. அந்த அலுவலகத்து மேசை இதற்கு முன் அப்படியொரு பைண்டிங்கைச் சுமந்திருக்காது.

உன் கடிதம் வந்த அன்று நான் மூன்றாவது கட்டடத்தில் ஏணிமேல் நின்றிருந்தேன். உன் அத்தை கீழே நின்று சத்தமாகப் படித்தாள். பாதிப் படிக்கட்டில் ஏணியை விட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் பட்டப்பகலில் மூன்று ஷட்டரையும் உள்பக்கமாக இறக்கினேன். உன் அத்தை வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். தலைவரைத் தேடி வந்தவர்கள் கொஞ்சமா? உள்ளே இருந்து எனக்குக் கேட்டது.

"தலைவர் இல்லீங்களா?"

"இல்ல."

"எப்ப வருவாரு?"

"இருநூத்திப் பத்தாம் பக்கம் முடிஞ்சதும்."

எட்டு நாள். மெஷின் சூடானால் விசிறினேன். தொழில் தர்மத்தை மீறி எல்லாப் பக்கத்தையும் படித்தேன். கசங்காத பக்கங்களை வரிசையாகப் படிப்பது எனக்கு இதுவே முதல்முறை. ஒரு பக்கம் முடிந்ததும் அதற்கடுத்த பக்கமே வருகிறது. இந்தச் சௌகரியத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தை மெஷின் தின்றுவிட்டது. மூலத்தையே. உருளையில் சுற்றி மை பூசித் துண்டுதுண்டாக வந்தது. உனக்கு எழுதிக் கேட்டு வாங்க நாள் இல்லை. விடுதிக்குப் போன் செய்யக் கூடாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் அந்தப் பக்கத்தை நான் அப்போதுதான் படித்திருந்தேன். என் ஞாபகசக்தி உனக்குத் தெரியுமே! நான் சொல்லச் சொல்ல உன் அத்தை தட்டச்சு செய்தாள். ஒரு சொல் மாறவில்லை. கொஞ்சம் மெருகு, அவ்வளவுதான்.

மாமா


ஏப்ரல் 16

மாமா,

அலுவலகத்தில் பதிவாகிவிட்டது. தேதி தப்பவில்லை. பைண்டிங்கை எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். அதற்கு நன்றி.

இப்போதுதான் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைப் படித்தேன். உங்களுக்கு மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன்:

"ஆகவே மேற்கண்டவற்றால் நாம் அறிவது யாதெனில், உலகத் தலைமை சாமானியப்பட்ட காரியம் அல்ல. உதாரணத்துக்கு ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இருபத்திரண்டு கடைகள். அவற்றுள் மூன்று ஷட்டர் கொண்ட கடையே தலைசிறந்தது. அதன் உரிமையாளர் கம்பீரமானவர், ஐம்பது வயது என்று யாரும் மதிக்க மாட்டார்கள். பழைய வல்லரசு சத்தமில்லாமல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. புதிய வல்லரசு வந்தது, கைதட்டல் கேட்டது, தண்ணீர் வரவில்லை. பல் மருத்துவர் போன்ற நடுநிலை நாடுகள் பெரிதும் நனைந்தன. எனவே ஆய்வாளர் கூறுவதாவது: நாற்காலிக்கு ஆசைப்படும் நாடு முதலில் மோட்டார் சுவிட்ச் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்."

என் முக்கிய அத்தியாயத்தின் முடிவுப் பக்கம் இது. பக்கத்தை மாற்ற முடியுமா என்று அலுவலகத்தில் கெஞ்சினேன். முடியாதாம். பிரதிகள் தேர்வாளர்களுக்குப் போய்விட்டனவாம். மே இருபதாம் தேதி வாய்மொழித் தேர்வு. மூன்று பேர் முன்னால் நான் போய் உட்கார வேண்டும்.

திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

மருமகள்


மே 21

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஜன்னல் திறக்காத ஒரு அறை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் பேராசிரியர், எங்கள் துறைத் தலைவர், வெளியூரிலிருந்து வந்த ஒரு மூத்த அம்மையார். அந்த அம்மையார் முதல் ஒரு மணிநேரம் வாயே திறக்கவில்லை. மற்ற இருவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். தப்பித்தோம் என்று நினைத்தபோது அவர் புத்தகத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பினார்.

"நூத்திப் பதினெட்டு. யாரும்மா இந்த மூணு ஷட்டர்?"

எங்கள் பேராசிரியருக்கு இருமல் வந்தது. அவர் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எங்க மாமா, மேடம்."

"ஆதாரம் எங்க?"

"அவர் கட்டடத்துத் தரைத்தளத்துல, மேடம்."

வேறென்ன சொல்வது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெஷின் தின்றது, அத்தை தட்டச்சு செய்தது, பல் மருத்துவர், கொப்பளித்தவர். துறைத் தலைவர் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அம்மையார் சிரிக்கவில்லை.

"நீங்க எழுதாத பக்கம் உங்க ஆய்வேட்டுல இருக்கக் கூடாது. எடுத்துடுங்க" என்றார். "மத்தபடி எனக்குத் திருப்தி. ஆனா அந்த இடத்துல நீங்க எழுதிவைக்கப் போறதுல எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேணும். பழைய வல்லரசு என்ன பண்ணுச்சு? கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாத்துச்சா, எறங்கி வந்து கத்துக் குடுத்துச்சா? நாடுங்க விஷயத்துல முப்பது வருஷமா இதத்தான் தேடிக்கிட்டிருக்கேன். உங்க கட்டடத்துல என்ன ஆச்சுன்னு கேட்டு எழுதுங்க."

ஜூன் பத்துக்குள் அந்த ஒரு பக்கம் போய்ச் சேர்ந்தால் பட்டமும் உண்டு, வேலையும் உண்டு. இல்லையென்றால் இரண்டும் இல்லை.

மாமா, எனக்கு உங்கள் உதவி வேண்டும். நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஒரே ஒருமுறை, கூட்டாமல்.

அன்புடன்,
மருமகள்


மே 28

மருமகளே,

எடுக்கச் சொன்னார்கள் என்றால் வீரியம் தாங்கவில்லை என்று அர்த்தம். அது போகட்டும்.

கூட்டாமல் எழுது என்கிறாய். உனக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாய். "கதிரவன் தங்கத் தேரில் புறப்பட்ட அந்தப் பொன்னான காலைப்பொழுதில்" என்று தொடங்கினேன். உன் அத்தை தோளுக்குப் பின்னால் நின்று, "மணி பதினொண்ணு, மழை பேஞ்சுக்கிட்டிருந்துச்சு" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

மணி பதினொன்று. மழை. பல் மருத்துவமனை நனைந்ததற்கு இரண்டு நாள் கழித்து மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத வராது. கண்ணைச் சோதித்துக்கொள்ளப் போனேன். எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்தார். படித்தேன். "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். மறுநாளும் போனேன். "இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு" என்றார். மூன்றாம் நாள் பலகைக்கு எதிரே உட்கார வைக்கவில்லை. தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்.

"சாவி குடுத்தப்பவே சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"எது எந்தச் சாவின்னு நீ கேப்பேன்னு பாத்தேன். நீ மைக் எங்கன்னு கேட்டே."

இதற்கு நான் சொன்ன பதிலை முதலில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். உண்மையில் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் அடித்துவிட்டேன்.

பிறகு, "பத்தொம்போது வருஷமா ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நாங்களும் வர்றோம்னு நாலு பேர் வருவாங்க. ரெண்டாம் நாள் ரெண்டு பேர் வருவாங்க. மூணாம் நாள் ஒருத்தன் வருவான். நாலாம் நாள் அவன் வருவான்னு நான் தூங்கிடுவேன், நான் வருவேன்னு அவன் தூங்கிடுவான்."

உன் அம்மையார் கேட்டதற்குப் பதில்: அவர் இறங்கி வரவில்லை. ஏறி வந்தார். மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் மொட்டைமாடிக்குப் போனபோது எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தார். நாற்காலியைத் திருப்பிக் கேட்பார் என்று நினைத்தேன். "அது உன்கிட்டயே இருக்கட்டும், எனக்கு முதுகுவலி" என்றார். இன்னொரு வால்வு இருக்கிறது, அதைப் பாதி மூடாவிட்டால் மறுபடி பல் மருத்துவர் தலையில்தான் என்று காட்டினார். அன்றும் மறுநாளும் கூடவே நின்றார். மூன்றாம் நாள் வரவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தால், கீழே தெருவில் நின்று தொட்டியின் வழிகுழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வழியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கடையைத் திறந்தார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் நான், மூன்று நாள் அவர். ஞாயிறு பல் மருத்துவர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். வேறு இடம் பார்ப்பதை விட்டுவிட்டார். தன் கூரையைத் தான்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறார்போலும். எட்டு நாள் உன் ஆய்வேட்டுக்காக நான் ஷட்டரை இறக்கியிருந்தபோது என் முறையையும் சேர்த்து மூக்குக்கண்ணாடிக்காரரே பார்த்தார். என்னிடம் சொல்லவில்லை. உன் அத்தை சொன்னாள்.

மற்ற நான்கு கட்டடத்தாரிடம், "பல்பை நீங்களே மாத்திக்குங்க, ஏணி என் கடையில இருக்கும், வந்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார்கள். ஆனால் எடுத்துப் போகிறார்கள், கொண்டுவந்தும் வைக்கிறார்கள். போன வாரம் சங்கக் கூட்டத்தில், வேறு யாராவது தலைவராகிறீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். இருபத்தொரு பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

நம் நாடு உலகத்துக்குத் தலைமை தாங்கலாமா என்று நீ இருநூற்றுப் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறாய். தாங்கட்டும். ஆசைப்படுவது தப்பு என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒரு வாரம் எங்கள் மொட்டைமாடிக்கு அனுப்பிவை. நாற்பது நிமிடம் தனியாக நிற்க வேண்டும். பேச ஆள் இருக்காது, கைதட்ட ஆள் இருக்காது. ஆறேகாலுக்குக் கீழே தேநீர்க்கடையில் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்கும். திறக்கிறவர் மேலே பார்க்க மாட்டார். அது பிடித்திருந்தால் தாங்கட்டும்.

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. உன் அத்தை சாட்சி. இதை வைத்து அந்தப் பக்கத்தை நீயே எழுதிவிடு. என் பெயர் வேண்டாம். மூன்று ஷட்டரும் வேண்டாம், ஒரு கடை என்று போட்டால் போதும்.

பெயர் போட்டே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சட்டம் இருந்தால், மூக்குக்கண்ணாடிக்காரருடையதை முதலில் போட்டு, என்னுடையதைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போடு. சின்ன எழுத்து என்றால், கண்ணாடி போடாமல் படிக்க முடிகிற அளவுக்கு.

மாமா